கொழுத்த கிடா சந்தைக்கு, நோஞ்சான் கிடா பட்டிக்கு!

மந்தையின் தரத்தைத் தீர்மானிப்பது விற்ற ஆடு அல்ல. விற்காமல் விட்டுவைத்த ஆடு. இயற்கை நடத்தும் தேர்வும், நாம் நம்மை அறியாமல் நடத்தும் தேர்வும்.

2017 ஜனவரி மாதம். மதுரை தல்லாகுளத்தில் உள்ள தமுக்கம் மைதானத்தில் இரவும் பகலும் கூட்டம் கலையவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடையை நீக்கக் கோரி, கல்லூரி மாணவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதமே தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்த நாட்களில் பட்டிதொட்டியெல்லாம் பேசப்பட்ட சொல் 'நாட்டு மாடு'. காளை இல்லாமல் போனால் இனமே போய்விடும் என்பது மாடு வளர்ப்போரின் கவலை. அந்தக் கவலைக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாட்டு மாட்டை நாட்டு மாடாக ஆக்கியது யார்? அதன் திமிலும் தொங்கும் தாடையும் வெயில் தாங்கும் உடம்பும் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விக்கான விடையைத் தெரிந்துகொண்டால், இன்று நம் பட்டியில் எந்தக் கிடாவை விற்கலாம், எதை நிறுத்தலாம் என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

வெயில் எழுதிய உடம்பு

மதுரை, சிவகங்கை வட்டாரத்தின் மாடு புலிக்குளம் மாடு. சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரே இனத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. கிடை மாடு என்றும் ஜல்லிக்கட்டு மாடு என்றும் சொல்வார்கள். கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது.

இந்த மாடுகளுக்குக் கொட்டகை கிடையாது. கட்டுத்தறித் தீவனம் கிடையாது. பகலில் கண்மாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் கிடைத்ததை மேயும். இரவில் யாராவது ஒரு விவசாயியின் நிலத்தில் கிடை போடுவார்கள். சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்கான கூலி மாட்டுக்காரருக்கு வருமானம். பால் பெரும்பாலும் கன்றுக்கே. கோடையில் புல் கருகிப் போனால் மந்தை நடந்தே வேறு ஊருக்குப் போகும்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் எந்த மாடு தங்கும்? நடக்க முடியாத மாடு வழியில் விழும். வெயிலில் மூச்சிரைத்து மேய்ச்சலை நிறுத்தும் மாடு மெலியும். மெலிந்த பசு பருவத்துக்கு வராது. வந்தாலும் சினை தங்காது. தங்கினாலும் கன்றுக்குப் பால் போதாது. அதாவது அந்தப் பசுவின் வழி அங்கேயே முடிந்தது. அதே வெயிலில் அரைகுறைப் புல்லைத் தின்றுவிட்டு வருடத்துக்கொரு கன்று ஈனும் பசுவின் கன்றுகளே அடுத்த தலைமுறை மந்தை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. வெயிலும் வறட்சியும் உண்ணியும் நெடுவழியும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு.

இந்தியத் திமில் மாடுகளின் முன்னோர் சிந்துவெளிப் பகுதியில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு வந்தவர்கள். ஐரோப்பியக் குளிர்நாட்டு மாடுகளின் கிளை அதற்கும் மிக முன்பே, காட்டு மாடாக இருந்த காலத்திலேயே, பிரிந்துவிட்டது. வெப்ப நாட்டில் வளர்ந்த கிளைக்குத் தளர்ந்த தோல், குட்டையான வழவழப்பான ரோமம், பெரிய வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை வாய்த்தன. உடம்புக்குள் உற்பத்தியாகும் சூடும் குறைவு. குறைந்த தீனியில் காலம் தள்ள முடிவதற்கும் அதுவே காரணம். பால் குறைவாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

இந்த உடம்பின் மதிப்பை நமக்கு முன்பே உணர்ந்தவர்கள் வெளிநாட்டார். ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகளைப் பிரேசில் நாட்டார் கப்பலில் கொண்டு போனார்கள். அங்கே 'நெல்லூர்' என்ற பெயரில் பெருகி, இன்று அந்த நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி அந்த இனமும் அதன் கலப்பும்தான். உண்ணித் தொல்லையால் ஐரோப்பிய மாடுகள் நொடிந்த வட ஆஸ்திரேலியாவில், இந்திய வம்சமான பிராமன் மாட்டைக் கலந்த பிறகே மாட்டுத் தொழில் நிமிர்ந்தது.

மூன்று நிபந்தனைகள்

இயற்கைத் தேர்வு நடக்க மூன்று விஷயங்கள் போதும். ஆடு வளர்க்கும் எவருக்கும் இவை புதிதல்ல.

ஒன்று, வேறுபாடு. ஒரே கிடாவுக்குப் பிறந்த பத்துக் குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று துடியாக இருக்கும், ஒன்று மந்தமாக இருக்கும், ஒன்றுக்கு அடிக்கடி கழிச்சல்.

இரண்டு, வாரிசு. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு தாய் தந்தையிடமிருந்து வந்தது, குட்டிகளுக்கும் போகும்.

மூன்று, வம்சப் பெருக்கத்தில் ஏற்றத்தாழ்வு. சில ஆடுகள் நிறையக் குட்டி விடுகின்றன. சில ஒன்றிரண்டோடு நின்றுவிடுகின்றன. சில குட்டியே விடாமல் போகின்றன.

இந்த மூன்றும் சேர்ந்தால், நிறையக் குட்டி விடும் ஆடுகளின் குணம் தலைமுறைக்குத் தலைமுறை மந்தையில் கூடிக்கொண்டே போகும். சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான். அந்த நூலின் முதல் அத்தியாயமே வீட்டுப் பிராணிகளையும் புறாக்களையும் பற்றியது. வளர்ப்பவர் கையால் சில தலைமுறைகளில் நடக்கும் மாற்றத்தைக் காட்டிவிட்டு, இயற்கையின் கையால் நெடுங்காலத்தில் நடப்பதற்கு அவர் வந்தார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "வெயிலில் விட்டுப் பழக்கினால் கன்றுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். வராது. தலைமுறை தலைமுறையாக அடையாளத்துக்காக மாட்டுக்குச் சூடு போடுகிறோம். ஆட்டின் காதை வெட்டுகிறோம். என்றைக்காவது சூட்டுத் தழும்போடு கன்று பிறந்திருக்கிறதா? வெட்டுக் காதோடு குட்டி விழுந்திருக்கிறதா? ஒரு விலங்கு தன் வாழ்நாளில் பட்டதும் பழகியதும் அதன் வித்தில் ஏறுவதில்லை. பிறவியிலேயே வெயில் தாங்கும் ஆடு அதிகக் குட்டி விடுகிறது. அதனால்தான் மந்தை மாறுகிறது. தனி ஆடு மாறுவதில்லை.

ஒரு வறட்சியில் மாறிய அலகு

இது பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென் அமெரிக்காவுக்கு மேற்கே கலாபகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி, அங்குள்ள சிட்டுக்குருவி போன்ற பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து வந்தார்கள்.

1977-இல் அங்கே மழை பொய்த்தது. பறவைகள் மென்மையான சிறு விதைகளை முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். சிறிய அலகால் அவற்றை உடைக்க முடியவில்லை. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. தப்பியவை பெரும்பாலும் தடித்த அலகு கொண்டவை. அவற்றுக்குப் பிறந்த அடுத்த தலைமுறையின் சராசரி அலகு, வறட்சிக்கு முந்தியதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் பெரிதாக இருந்தது. ஒரே ஒரு வறட்சி செய்த வேலை.

கதை அதோடு முடியவில்லை. 1983-இல் அங்கே கொட்டித் தீர்த்த மழை பெய்தது. சிறு விதைச் செடிகள் பெருகின. இப்போது சிறிய அலகுக்காரர்களுக்கு நல்ல காலம். தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது.

நமக்கு இதில் பாடம் உண்டு. எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் சிறந்த விலங்கு என்று எதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரும் பசுந்தீவனமும் நிழலும் மாட்டு மருத்துவரும் பக்கத்தில் இருப்பவருக்கு ஜெர்சிக் கலப்பினம் கட்டுப்படியாகும். மானாவாரி நிலத்தில் மேய்ச்சலை நம்பி இருப்பவருக்கு அதே மாடு கடனாகும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நாட்டு மாடுகள் 14.21 கோடி, வெளிநாட்டு இனங்களும் கலப்பினங்களும் 5.04 கோடி. 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்திருந்தன. வெயிலும் வறட்சியும் எத்தனையோ தலைமுறைகளாக வடித்தெடுத்த குணம், ஒரு முறை மந்தையிலிருந்து போய்விட்டால் பணம் கொடுத்து வாங்க முடியாது. மழை ஆண்டுகளிலேயே கணக்குப் போட்டு வறட்சிக்கு ஏற்ற மாட்டைக் கைவிடக் கூடாது.

பட்டியில் நடக்கும் தலைகீழ்த் தேர்வு

இனி நம் பட்டிக்கு வருவோம். திருமங்கலம், மேலூர் ஆட்டுச் சந்தைகளில் பண்டிகைக்கு முன்பு நடக்கும் வியாபாரம் எல்லோரும் அறிந்தது. தீபாவளி, பக்ரீத், பொங்கல், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் கிடா வேண்டும். வியாபாரி பட்டிக்கு வந்தால் முதலில் எதைக் கேட்பார்? வேகமாக வளர்ந்த, எடை வைத்த கிடாவை. விவசாயிக்கும் கைச் செலவுக்குப் பணம் வேண்டும். கொடுத்துவிடுகிறார்.

எடுத்துக்காட்டாக, ஒரு பட்டியில் 20 பெட்டை ஆடுகள், அந்தப் பருவத்தில் 30 குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 15 கிடாக் குட்டிகள். முதல் பண்டிகைக்கு முதல்தரமான ஐந்து போகும். அடுத்ததற்கு இன்னொரு ஐந்து. பிறகு மூன்று. கடைசியில் நிற்பவை விலை படியாத இரண்டு நோஞ்சான்கள். அதற்குள் பெட்டைகள் பருவத்துக்கு வந்துவிடுகின்றன. பட்டியில் இருக்கும் கிடா எதுவோ அதுதானே சேரும்? அடுத்த பருவத்து 30 குட்டிகளுக்கும் தகப்பன் அந்த நோஞ்சான்தான்.

இயற்கை, வலுவானதை வைத்துக்கொண்டு மெலிந்ததைக் கழிக்கிறது. நாமோ வலுவானதைக் கழித்துவிட்டு மெலிந்ததை வித்துக்கு வைக்கிறோம். பத்து ஆண்டுகள் இப்படியே நடந்தால், "முன்னைப்போல ஆடு வளர மாட்டேன் என்கிறது, தீவனம் சரியில்லை, காலம் சரியில்லை" என்று சொல்ல வேண்டியதாகிறது. காலத்தின் மேல் பழி போடும் முன், பட்டியில் நிற்கும் கிடாவை ஒரு முறை பார்க்க வேண்டும்.

பெட்டை ஆடு தன் குட்டிகளுக்கு மட்டுமே தாய். பொலிகிடாவோ பட்டியில் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன். அதனால்தான் கோயில் காளை என்ற ஏற்பாட்டுக்குப் பெரிய அர்த்தம் இருந்தது. ஊருக்குப் பொதுவான அந்தக் காளையை எவரும் அவசரச் செலவுக்கு விற்க முடியாது. ஆகவே நல்ல வித்து ஊரிலேயே தங்கியது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் நின்று விளையாடிய காளைக்குப் பசுவை ஓட்டி வருவதும் அப்படிப்பட்ட தேர்வுதான். ஆனால் அதில் ஓட்டமும் திமிலும் துடிப்பும் தேர்வாகும், பால் தேர்வாகாது. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

பொலிகிடாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1. முதல் கிடாவை விற்கும் முன்பே பொலிகிடாவை முடிவு செய்துவிட வேண்டும். குட்டிகள் மூன்று மாதத்தில் இருக்கும்போதே நல்ல மூன்று கிடாக் குட்டிகளுக்கு அடையாளம் போட்டு, ஆறு மாதம் வரை விற்காமல் வைத்து, அவற்றில் சிறந்ததை நிறுத்தலாம். மற்ற இரண்டையும் அப்போது விற்றாலும் நட்டமில்லை.

2. எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒற்றைக் குட்டியாகப் பிறந்தது தாய்ப்பால் முழுவதையும் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும். அது பாலின் பலன்; வித்தின் பலன் என்று சொல்ல முடியாது. இரட்டையில் ஒன்றாகப் பிறந்தும் அதற்கு ஈடாக வளர்ந்த குட்டியே மேலானது. ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

3. தாயைப் பார்க்க வேண்டும். தவறாமல் சினை பிடித்து, இரட்டை ஈன்று, இரண்டையும் காப்பாற்றிய ஆட்டின் கிடாக் குட்டி முதல் தகுதி பெறும்.

4. விதைப்பை இரண்டும் சமமாக, தொங்கலாக இருக்க வேண்டும். கால் கோணல், தாடை முன்பின் ஏறியிருத்தல் போன்ற குறை உள்ளதை ஒதுக்க வேண்டும்.

5. 20 முதல் 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். தன் மகள்களோடு சேரும் நிலை வருமுன், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கிடாவை மாற்ற வேண்டும். பக்கத்து ஊர் விவசாயியோடு கிடாவை மாற்றிக்கொண்டால் செலவே இல்லை.

6. வித்துக்கு வேண்டாத கிடாக் குட்டிகளை உரிய வயதில் காயடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மேய்ச்சலில் யார் முந்துகிறார்களோ அவர்களே தகப்பன்.

புழுவும் படிக்கிறது பாடம்

இயற்கைத் தேர்வு ஆட்டுக்கு மட்டும் நடப்பதில்லை. ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுவுக்கும் நடக்கிறது. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு, நாளொன்றுக்கு 5,000 முட்டைகள் வரை இடக்கூடியது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆட்டின் ஒரு தலைமுறைக்குள் புழுவுக்குப் பல தலைமுறைகள் ஓடிவிடுகின்றன.

குடற்புழு மருந்து கொடுக்கும்போது மருந்துக்கு மசியும் புழுக்கள் சாகும். ஆயிரத்தில் ஒன்று பிறவியிலேயே தாங்கக்கூடியதாக இருந்தால் அது பிழைக்கும். அடுத்து புல்லில் விழும் முட்டைகள் அதனுடையவையே. ஆல்பெண்டசோல் வகையின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் வந்தது. 1964-லேயே அதற்கு மசியாத புழுக்கள் அமெரிக்காவில் பதிவாகிவிட்டன. தமிழ்நாட்டிலும் இந்த வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் ஆடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

பருத்தி விவசாயிகள் இதே பாடத்தை வேறு விதமாகப் படித்தவர்கள். 2002-இல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 450 கிராம் விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதா பருத்தி விதையும் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை விதைத்தால், நஞ்சுக்கு மசியும் புழுக்கள் அங்கே உயிர் பிழைத்து, மசியாத புழுக்களோடு இணைசேர்ந்து, எதிர்ப்புக் குணம் பரவுவதைத் தாமதமாக்கும் என்பது கணக்கு. பெரும்பாலோர் அந்தச் சிறு பொட்டலத்தை விதைக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு நஞ்சை வென்றுவிட்டது.

ஆட்டிலும் அதே கணக்குதான். மாதா மாதம் எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றினால், மருந்தை வெல்லும் புழுவை நாமே வளர்க்கிறோம். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்:

• ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவந்த நிறம் இருக்க வேண்டும். வெளிறியிருந்தால், தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தால், அந்த ஆட்டுக்குக் கட்டாயம் மருந்து வேண்டும். நல்ல சிவப்பாக, திடகாத்திரமாக இருக்கும் வளர்ந்த ஆடு சிலவற்றை மருத்துவர் ஆலோசனையோடு விட்டுவைக்கலாம். அவற்றின் வயிற்றில் இருக்கும் மசியும் புழுக்களே நமக்குப் பாதுகாப்பு.

• அளவு குறைத்துக் கொடுக்கக் கூடாது. அரைகுறை மருந்து பலவீனமான புழுவைக் கொன்று பலமான புழுவைப் பயிற்றுவிக்கும். ஆட்டை எடை போட்டுக் கொடுக்க வேண்டும்.

• மருந்து கொடுக்கும் அன்றும், 10 முதல் 14 நாள் கழித்தும் சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் பரிசோதிக்க வேண்டும். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் மருந்து தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேறு வகை மருந்தை மருத்துவர் சொல்வார்.

• சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் கலக்கக் கூடாது. தனியே கட்டி, மருந்து கொடுத்து, சாணம் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் பட்டியில் வளர்ந்த அடங்காப் புழுவை நாம் காசு கொடுத்து வாங்கி வந்ததாகும்.

• ஒரே மந்தையில், ஒரே மேய்ச்சலில், அடிக்கடி வெளிறும் ஆடு எது, ஒருபோதும் வெளிறாத ஆடு எது என்று குறித்து வைக்க வேண்டும். முன்னதை விற்க வேண்டும். பின்னதன் குட்டியை வித்துக்கு வைக்க வேண்டும். புழு தாங்கும் குணத்திலும் ஒரு பங்கு வாரிசாக வருவதுதான்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: கையில் பணமில்லாத நேரத்தில் நல்ல கிடாவை விற்காமல் எப்படி இருப்பது?

பதில்: எல்லா நல்ல கிடாவையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்று போதும். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிடாவைப் பொதுவில் வைத்தால் பாரம் இன்னும் குறையும். அதை எவரும் தனியாக விற்கவும் முடியாது. ஒரு கிடாவுக்கு இன்று கிடைக்காத விலை, அடுத்த பருவத்தில் பிறக்கும் எல்லாக் குட்டிகளின் எடையிலும் பிரிந்து திரும்பி வரும்.

கேள்வி: நாட்டுப் பசுவைக் கலப்பினமாக மாற்றாமல் பாலைக் கூட்ட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மெதுவாக. மந்தையில் அதிகப் பால் தரும் பசுவின் காளைக் கன்றை வித்துக்கு நிறுத்துவதும், அதே இனத்தின் தரமான உறைவிந்தைக் கேட்டுப் பெறுவதும் வழி. பாலோடு வெயில் தாங்கும் குணமும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: சினை ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கலாமா?

பதில்: சினையின் தொடக்க காலத்தில் ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். எந்த மருந்து, எந்த மாதம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை வியாபாரி பட்டிக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல கிடாவின் முதுகில் கை வைக்கும்போது விலையைப் பேசும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அவர் கேட்பது ஒரு கிடா. நாம் கொடுப்பது அடுத்த பருவத்துக் குட்டிகளின் தகப்பனை.